ராத்திரி வரப்பில் நடக்க ஒரு பேட்டரி லைட்டு

எங்கள் பக்கத்தில் டார்ச்சை யாரும் டார்ச் என்று சொல்ல மாட்டார்கள். பேட்டரி லைட்டுதான். அதிலும் எத்தனை கட்டை, அதாவது எத்தனை பேட்டரி, என்பதே பேச்சு. வீட்டுக்கு ரெண்டு கட்டை, தோட்டத்துக்கு மூணு கட்டை. அஞ்சு கட்டை லைட்டு வைத்திருந்தால் அவர் ஊரில் கொஞ்சம் பெரிய ஆள். கடைக்காரரிடம் கேட்க வேறு கேள்வியே கிடையாது. இன்றைக்கு அட்டைப்பெட்டியைத் திருப்பினால் லூமென், மீட்டர், எம்.ஏ.எச்., ஐ.பி. என்று எண்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பாதி புரிவதில்லை, புரிகிற பாதியை நம்ப முடிவதில்லை.

போன வருடம் அப்பாவுக்கு ஒன்று வாங்கி ஏமாந்தேன். பத்தாயிரம் லூமென் என்று போட்டிருந்தது, உள்ளங்கையில் அடங்கும் அளவு. முதல் நாள் தென்னை உச்சி வரை அடித்துக் காட்டி எல்லாரும் வியந்தோம். மூன்றாம் நாள் ராத்திரி நடு வரப்பில் மங்கி, இரண்டு தடவை கண்சிமிட்டி, அணைந்துவிட்டது. அப்பா செல்போன் வெளிச்சத்தில் தடவித் தடவித் திரும்பி வந்தார். அதற்குப்பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மனதில் வைத்திருப்பது ஒரே ஓர் ஆளை: மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் ஊரில், தூக்கத்தில் எழுந்து மோட்டார் போடப் போகிறவர்.

இருட்டை அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு ராத்திரி அந்த வழியில் நடந்து பாருங்கள். எவ்வளவு தூரத்தில் இருப்பது தெரிய வேண்டும்? காலடிக்கு முன்னால் மூன்று நான்கு மீட்டர், அது முக்கால்வாசி நேரம். கிணற்று மேட்டில் ஏதாவது நிற்கிறதா என்று பார்க்க முப்பது மீட்டர். வயலின் அந்தக் கோடியில் பன்றி இறங்கியிருக்கிறதா என்று பார்க்க நூறு மீட்டர், அதுவும் எப்போதாவது.

காலடிதான் முக்கியம் என்பதற்குக் காரணம் பாம்பு. 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். கண்ணாடி விரியன் காய்ந்த சருகோடு சருகாகக் கிடக்கும். இரண்டையும் தவிர்க்க அரை கிலோமீட்டர் பாயும் வெளிச்சம் தேவையில்லை. காலுக்கு முன்னால் அகலமாக விழும் மிதமான வெளிச்சம் போதும்.

பெட்டியில் இருக்கும் எண்கள்

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த வெளிச்சம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வழி: வீட்டுக் கூரையில் மாட்டும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறக்குறைய 800 முதல் 900 லூமென் தரும். நான் வாங்கிய பத்தாயிரம் லூமென் லைட்டு அப்படிப்பட்ட பதினொரு பல்புகளைக் கையில் பிடித்ததற்குச் சமமாக இருந்திருக்க வேண்டும். ஒரு வாட்டுக்கு நூறு லூமென் என்று வைத்தாலும் நூறு வாட். உள்ளே இருந்த ஒற்றைக் கட்டையால் அதை ஏழெட்டு நிமிடம்கூடத் தாங்க முடியாது, அதற்குள் கையும் வெந்துவிடும். இந்தக் கணக்கை வாங்கும் முன்பே போட்டிருக்கலாம்.

அப்பாவின் பழைய மூணு கட்டை லைட்டில் இருந்த இழை பல்பு சுமார் இருபது லூமென்தான் தந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு நாற்பது வருடம் வரப்பில் நடந்தார். வரப்பில் நடக்க 50 முதல் 100 லூமென் தாராளம். எப்போதாவது தூரத்தில் அடிக்க 300 முதல் 500. வீட்டுக்குள் யாரையும் எழுப்பாமல் செருப்பைத் தேட ஐந்து லூமென். ஆகவே பெட்டியில் பெரிய எண்ணைத் தேடாமல் சிறிய எண்ணைத் தேடுங்கள்: மிகக் குறைந்த வெளிச்சம் எவ்வளவு, அதில் எத்தனை மணி நேரம் எரியும் என்று. நல்ல லைட்டில் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக எழுதியிருப்பார்கள்.

தூரம் என்று போட்டிருக்கும் மீட்டர் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தர முறைப்படி, வெளிச்சம் கால் லக்ஸாகக் குறையும் இடம்தான் அந்தத் தூரம். கால் லக்ஸ் என்றால் பௌர்ணமி நிலவு வெளிச்சம். அதில் ஏதோ நிற்கிறது என்பது தெரியும், நாயா நரியா என்பது தெரியாது. பெட்டியில் 240 மீட்டர் என்றிருந்தால் மூன்றால் வகுத்து 80 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வெளிச்சம் ஒன்பது மடங்கு கூடுதலாக இருக்கும், ஆளை அடையாளம் தெரியும்.

எரியும் நேரத்திலும் இதே கதைதான். அந்த முறைப்படி, தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஓடுவதெல்லாம் எரியும் நேரக் கணக்கில் சேரும். எட்டு மணி நேரம் என்றால் பளிச்சென்று எட்டு மணி நேரம் என்று யாரும் சொல்லவில்லை. சிறிய உடம்பில் பெரிய வெளிச்சம் கொடுக்கும் லைட்டுகள் சூடு தாங்காமல் ஓரிரு நிமிடத்திலேயே தாமாகக் குறைத்துக்கொள்ளும். அது பழுதல்ல, எல்.இ.டி.யைக் காப்பாற்றும் ஏற்பாடு.

கட்டையில்தான் எல்லாம்

லைட்டு வாங்குகிறோம் என்று நினைக்கிறோம். வாங்குவது பேட்டரியை. நம் கடைகளில் கிடைப்பதில் மூன்று வகை.

ஒன்று, பின்பக்கம் இரண்டு முள் நீட்டிக்கொண்டு நேராக பிளக்கில் சொருகும் வகை. இவற்றில் பலவற்றுக்குள் 4 வோல்ட் ஈய அமில பேட்டரி இருக்கும். விலை குறைவு. தினமும் பயன்படுத்துகிற வீட்டில் ஓடும். ஆனால் சார்ஜ் இறங்கிய நிலையில் இரண்டு மாதம் மூலையில் கிடந்தால் உள்ளே ஈயத் தகட்டில் படிவு கட்டி, பிறகு எவ்வளவு நேரம் சொருகினாலும் ஏறாது. புயல் வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வாங்கி வைத்து, புயல் வந்த அன்று ஏமாறுவது இந்த வகையில்தான். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபின் காவிரி டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது பிளக்கை மட்டும் நம்பும் லைட்டால் என்ன பயன்? இன்னொன்று, சார்ஜ் ஏறும்போது இவற்றை ஈரக் கையால் தொடாதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள். மலிவானவற்றில் உள் கம்பிகள் வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கலாம்.

இரண்டு, பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரி அல்லது பெரிய கட்டை போடும் வகை. இதற்கு நான் இன்னும் ஓட்டுப் போடுவேன். மின்சாரம் இல்லாத ஊரிலும் புதுக் கட்டை போட்டால் எரியும். ஆனால் மாதக்கணக்கில் போட்டே வைத்தால் கசிந்து உள்ளே பூத்துவிடும். கசிந்துவிட்டால், அல்கலைன் கட்டையாக இருந்தால் பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, காயவைத்து, ஸ்பிரிங்கை உரசிப் பார்க்கலாம், பெரும்பாலும் பிழைக்கும். பழைய கட்டையையும் புதியதையும் கலந்து போடாதீர்கள்.

மூன்று, லித்தியம் அயான். 18650 என்ற எண்ணைக் கடையில் அடிக்கடி கேட்பீர்கள். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான் அந்த எண். 21700 என்பது 21க்கு 70. நேர்மையான 18650 கட்டையில் பெரும்பாலும் 3,500 எம்.ஏ.எச். அளவு மின்சாரம்தான் அடங்கும், 21700-ல் 5,000 சுமாருக்கு. 9,900 என்று மேலுறையில் அச்சிட்டிருந்தால் அது அச்சகத்தின் திறமை. கையில் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்: நல்ல 18650 கட்டை 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். என் பத்தாயிரம் லூமென் லைட்டைப் பிரித்து, நகைக்கடைத் தராசு வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்தேன். 26 கிராம்.

என் தேர்வு இது: கட்டையைக் கழற்றி மாற்றக்கூடிய, சி டைப் ஓட்டையும் உள்ள லித்தியம் லைட்டு. போன் சார்ஜரிலேயே ஏறும், கட்டை ஓய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். கழற்றவே முடியாத வகையில் பேட்டரி போனால் லைட்டும் போயிற்று. லித்தியம் கட்டையைச் சாவி, சில்லறையோடு சட்டைப்பையில் போடாதீர்கள். மேலுறை கிழிந்ததைப் பயன்படுத்தாதீர்கள். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவைக்காதீர்கள்.

சுவிட்ச்

ஆள் மாறினால் லைட்டு மாற வேண்டியது இதில்தான். எழுபது வயதுக்காரரின் கட்டை விரல், தூக்கக் கலக்கத்தில், சேறு படிந்த நிலையில், ஒரே அழுத்தில் எரிய வைக்க வேண்டும். ஒருமுறை அழுத்தினால் ஒன்று, இருமுறை அழுத்தினால் இன்னொன்று, அழுத்திப் பிடித்தால் வேறொன்று, நடுவில் போலீஸ் வண்டி மாதிரி மின்னுவது ஒன்று என்று பத்து நிலை இருக்கும் லைட்டு இளைஞர்களின் விளையாட்டுச் சாமான். அணைப்பதற்கு மின்னலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் கடையிலேயே வைத்துவிடுங்கள். கடைசியாகப் பயன்படுத்திய நிலையை நினைவில் வைத்து அதிலேயே எரிவது நல்லது. பைக்குள் தானாக எரியாமலிருக்க பூட்டு வசதி இருந்தால் இன்னும் நல்லது.

தலையில் மாட்டும் ஹெட் லைட்டைப் பலரும் கேட்கிறார்கள். விடியுமுன் மல்லிகை பறிப்பவர்களுக்கும், கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்களுக்கும் அது இல்லாமல் வேலை நடக்காது, இரண்டு கையும் தேவை. ஆனால் நடப்பதற்கு அது அவ்வளவு உகந்ததல்ல. கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே வெளிச்சம் போவதால் கல்லின் நிழலும் பள்ளத்தின் நிழலும் தெரியாது, தரை தட்டையாகத் தோன்றும். இடுப்பளவில் பிடித்த லைட்டில் மேடு பள்ளம் நிழலோடு எழுந்து நிற்கும். தவிர, மழைக்கால ராத்திரியில் தலைவிளக்கோடு நடந்தவருக்குத்தான் தெரியும், ஈசல் எல்லாம் எங்கே வருமென்று.

நிறம்

பெரும்பாலான மலிவு லைட்டுகள் நீலம் பாய்ந்த வெள்ளை. 6,500 கெல்வின் என்று எழுதியிருக்கும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் சருகு, மண், பாம்பு எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். 4,000 முதல் 5,000 கெல்வின் வரை இருப்பது கண்ணுக்கு இதம், பழுப்பும் மஞ்சளும் பிரிந்து தெரியும். சி.ஆர்.ஐ. என்ற எண் 90க்கு மேல் இருந்தால் நிறங்கள் பகலில் பார்ப்பது போலவே இருக்கும். அதற்காக லூமென் கொஞ்சம் குறையும், குறைந்தால் பரவாயில்லை. கடையில் பரிசோதிக்க உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். ரத்தம் ஓடும் கையாகத் தெரிந்தால் சரி.

தண்ணீர் பற்றி ஒரே வரி. ஐ.பி.எக்ஸ்.4 என்றால் மழைச் சாரல் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். வாய்க்காலில் தவறவிடுகிற ஆளுக்கு ஏழு வாங்குங்கள்.

கடையில் ஐந்து நிமிடம்

எரிய விடுங்கள், மூன்று நிமிடம் கையிலேயே பிடித்திருங்கள். அதற்குள் எவ்வளவு சுடுகிறது, எவ்வளவு மங்குகிறது என்று தெரிந்துவிடும். குறைந்த வெளிச்ச நிலையில் வைத்து போன் கேமராவில் பாருங்கள், திரையில் பட்டை பட்டையாக ஓடினால் வெளிச்சம் துடிக்கிறது என்று பொருள், சிலருக்குக் கண் வலிக்கும். காதருகே குலுக்குங்கள், உள்ளே எதுவும் ஆடக் கூடாது. பின்மூடியைத் திருகித் திறந்து, மரையோரம் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமல் மழை தாங்கும் என்று சொல்வது சும்மா. சுவரில் அடித்தால் நடுவில் ஒரு வட்டமும் சுற்றிலும் மெல்ல மங்கும் வெளிச்சமும் விழ வேண்டும். வட்டத்துக்கு வெளியே கும்மிருட்டாக இருந்தால் அது தூரத்துக்கு மட்டுமே ஆகும். கடைசியாக, உங்கள் போன் சார்ஜரையே சொருகிப் பாருங்கள். சி டைப் ஓட்டை இருந்தும் தன்னுடைய வயரில் மட்டும் ஏறுகிற லைட்டுகள் உண்டு.

வீட்டுக்கு வந்தபின்

மூடி மரையிலும் ரப்பர் வளையத்திலும் ஒரு சொட்டு சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி சில வகை ரப்பரை ஊத வைத்துவிடும், வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், அமாவாசை என்று வைத்துக்கொண்டால் மறக்காது, எடுத்து எரித்துப் பார்த்து சார்ஜ் போடுங்கள். கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து அதில்தான் தொங்க வேண்டும், பீரோவுக்குள் வைத்த லைட்டைத் தேட இன்னொரு லைட்டு வேண்டியிருக்கும். அடிப்பாகத்தில் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் விளக்கணைத்த பிறகும் கொஞ்ச நேரம் இடம் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். கொடுக்காமல் இருக்க முடியாது, கொடுத்தால் சார்ஜ் இறங்கித்தான் திரும்பி வரும். அதனால் ரெண்டு பென்சில் பேட்டரி போடுகிற மலிவான லைட்டு ஒன்றையும் சேர்த்து வாங்கி, அதே ஆணியில் முன்னால் தொங்கவிடுங்கள்.