பழைய சேர்வரைப் புதுப்பிக்கலாமா?

கேள்வி: எங்கள் வாசிகசாலையின் இணையத்தளம் 2018 முதல் உபுண்டு 18.04இல் ஓடுகிறது. 24.04க்கு மாற்றப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், கல்லடி

பதில்: பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் 18.04க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 மே மாதத்துடன் நின்றுவிட்டன. இனியும் தாமதிக்காதீர்கள்.

24.04க்கு நேரே தாவ முடியாது. 20.04, 22.04 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். தொடங்குமுன் முழுப் பிரதியொன்றை எடுத்து வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதியாகவே கணக்கெடுப்பதில்லை. அதை வாவிக்கரையிலுள்ள உங்கள் வாசிகசாலைக் கட்டடத்திலேயே வைக்கவும் வேண்டாம். மார்கழி வெள்ளம் உங்களுக்குத் தெரியாததா!

தமிழ்த் தளங்கள் பெரும்பாலும் இடறுவது எழுத்தில்தான். 18.04இல் உள்ள மைஎஸ்கியூஎல் 5.7 தரவுத்தளத்தின் இயல்பான குறிமுறை லத்தீன்1. 20.04இல் வரும் 8.0 பதிப்பில் அது யுடிஎஃப்8எம்பி4. பழைய அட்டவணையில் யுனிகோட் தமிழ், லத்தீன்1 என்ற பெயரில் கிடந்தால், புதியதில் 'அ' என்ற ஓரெழுத்து மூன்று விசித்திரக் குறிகளாகத் தெரியும். எழுத்து அழியவில்லை, தவறாக வாசிக்கப்படுகிறது. பதறிப்போய்த் திருத்திச் சேமித்தால்தான் உண்மையில் அழியும். ஆகவே பிரதியை மீட்ட கணினியில் முதலில் மேம்படுத்திப் பார்த்து, நூறு பக்கங்களையாவது கண்ணால் வாசியுங்கள்.

பிஎச்பி நிரல்மொழியும் 7.2இலிருந்து 8.3க்குப் போகும். 'ஈச்', 'கிரியேட் ஃபங்ஷன்' போன்ற பழைய கட்டளைகள் 8.0இலேயே நீக்கப்பட்டுவிட்டன, நிரலில் தேடி மாற்றுங்கள்.

மின்வெட்டு நாளில் தொடங்க வேண்டாம். பாதியில் நின்ற மேம்படுத்தலைச் சீர்செய்வது பெரும்பாடு.