மலைத்தோட்டக் குடும்பங்களும் முதுமறதி நோயும்

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடி, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள தேயிலை மலை. இத்தகைய தோட்டங்களில் 50 பெண்களேனும் பணிபுரிந்தால் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டுமென 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. குழந்தையை அங்கு ஒப்படைத்துவிட்டுத் தாய் கொழுந்து பறிக்கச் செல்லலாம். வீட்டில் முதுமறதி நோயுற்ற மாமியார் இருப்பின், அவரை ஒப்படைக்க அச்சட்டம் இடம் வகுக்கவில்லை.

இந்நோயில் அண்மை நிகழ்ச்சிகளே முதலில் மறக்கின்றன. பழைய நினைவுகள் நெடுநாள் தங்குகின்றன. ஆதலால் முதியவர், என்றோ விட்டுவந்த வீட்டைத் தேடிப் புறப்பட்டுவிடுவதுண்டு. சரிவும் மூடுபனியும் உள்ள மலையில் இது உயிருக்கே ஆபத்து. அந்தி வேளையில் அவருக்குப் பதற்றம் மிகும்; குழந்தையும் அப்பொழுதுதான் தாயைத் தேடும். ஆறு வயதுச் சிறுமியைப் பாட்டிக்குக் காவல் வைப்பது இருவருக்குமே தீங்கு.

முழுநேரக் கவனிப்புத் தேவைப்படுவோரைப் பேணும் வறியோருக்கெனக் கேரள அரசு வகுத்த 'ஆசுவாசகிரணம்' திட்டத்தின் உதவித்தொகை மாதம் 600 ரூபாய். கூலியை இழந்து வீட்டிலிருப்பவருக்கு இது எத்தனை நாள் போதும்? 2008-இல் அம்மாநிலம் வகுத்த நோய்த்தணிப்புக் கொள்கையின்படி செவிலியர் வீடு தேடிச் செல்கின்றனர். அவர்கள் மருமகளின் உறக்கத்தையும் விசாரித்தல் நலம். குழந்தைகள் காப்பகத்தை ஒட்டி முதியோருக்கு ஓர் அறையும் பயிற்சி பெற்ற ஆயா ஒருவரும் இருந்தால், அவள் கவலையின்றிக் கூடையைத் தோளிலேற்றலாம்.