இரண்டாக வாங்கு, செல்வி

அன்புள்ள மருமகள் செல்விக்கு, அத்தை எழுதுவது.

கூஸ் வாத்துக் குஞ்சு ஒன்று வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாய். கவினுக்கு விளையாட்டுத் துணை வேண்டும் என்பது சரிதான். அந்த ‘ஒன்று’தான் எனக்கு உறுத்துகிறது. அந்தக் காலத்தில் உன் அம்மாவிடம் நான் என்ன சொன்னேன், அவள் என்ன பதில் சொன்னாள் என்பது உனக்கே தெரியும். அதை இப்போது கிளறப்போவதில்லை. குஞ்சைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முட்டையை விட்டு வந்த ஓரிரு நாளில், பக்கத்தில் நடமாடுவது யாரோ அவரையே கூஸ் குஞ்சு தாயாக வரித்துக்கொள்ளும். ஆஸ்திரியாவின் கான்ராட் லோரன்ஸ் பின்னால் குஞ்சுகள் வரிசையாக நடந்துபோகும் படத்தை நீயும் பார்த்திருப்பாய். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். படத்தில் எல்லோரும் ரசிப்பது அந்தப் பாசத்தை. எனக்கோ வேறு இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன: அவர் பொழுதைக் குஞ்சுகளோடே கழித்தவர், அவற்றுக்கு அவரைத் தவிரக் கூடப்பிறந்தவையும் இருந்தன. நீ காலையில் பஸ் பிடித்தால் திரும்ப இருட்டிவிடும். கூட்டமாக இருக்கும் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, தூக்கத்திலும் மெல்ல முனகிக்கொண்டே கிடக்கும். தனிக்குஞ்சு அப்படியல்ல, கழுத்தை நீட்டிக் கீச்சுக்குரலில் கத்திக்கொண்டே இருக்கும், பதில் வரும்வரை. பஞ்சாரத்துக்கு மேல் குண்டு பல்பு கட்டி முதல் வாரம் 32 டிகிரி சூடு கொடுத்துவிடலாம். அந்தக் கத்தலுக்கு எந்தப் பல்பு பதில் சொல்லும்?

‘ஒன்றாக இருந்தால்தான் நம்மிடம் ஒட்டும்’ என்பாய். ஒட்டும், அதில்தான் வம்பே. மனிதரையே தன் இனமென்று நம்பி வளர்கிற ஆண் வாத்து, பருவம் வந்ததும் மனிதரோடுதான் மல்லுக்கு நிற்கும்; கவின் உயரத்துக்கு அதன் அலகும் இறக்கையும் சரியாக எட்டும். இரண்டாக வளர்ந்தாலும், தினமும் கையில் தீனி கொடுப்பவரை அவை மறப்பதில்லை. ‘துணைக்கு ஒரு கோழிக்குஞ்சு விடுகிறேன்’ என்பது அடுத்த சமாதானம். கூஸ் குஞ்சு தண்ணீரில் தலையை முக்கி உதறி, படுக்கையைச் சேறாக்கிவிடும். கோழிக்குஞ்சு அந்த ஈரத்தில் விறைத்துப்போகும். தீனியும் ஒத்துவராது. நியாசின் என்கிற சத்து கோழிக்குஞ்சுக்குத் தேவைப்படுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இதற்கு வேண்டும். குறைந்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். கோழித் தீவனத்தையே போடுவதானால் ஈஸ்ட் தூள் கலந்து போடு. செலவைச் சொல்லி மறுப்பாயானால், இது புல் மேய்கிற பறவை. சில வாரம் போனால் மருந்தடிக்காத அருகம்புல்லிலேயே பாதி வயிறு நிறையும். சத்தம் அதிகமாகுமே என்றால், துணையில்லாமல் ஏங்கி ஒன்று போடும் சத்தத்தைவிட இரண்டு போடுவது குறைவுதான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 வருஷம்கூட இருக்கும் உயிர் இது. கவின் வேலைக்குப் போகிற வயது வரும்போதும் அது உன் முற்றத்தில் நிற்கும். அத்தனை வருஷத்தையும் ஓர் உயிர் தனியாகக் கழிக்க வேண்டுமா? கவினுக்கும் நாலு முடியப்போகிறது. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

முடிவு உன் இஷ்டம். இரண்டு வாங்கினாலும் சரி, மூன்று வாங்கினாலும் சரி. இரண்டும் முடியாதென்றால் இந்த வருஷம் வேண்டாமே, வீடு மாறியபிறகு பார்க்கலாம்.

நிறையப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன்னைப் போலப் பொறுப்பான பெண் நம் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? தனியாக வளர்ந்ததால் உனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. அண்ணி உன்னைத் தங்கமாகத்தான் வளர்த்தாள், நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது குஞ்சுக்கான பணத்தை மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன், மறுக்காமல் வாங்கிக்கொள். கவினுக்கு என் முத்தம்.

அன்புடன்,
அத்தை