ஏரிக்கு நீர் தரும் புல்வெளி

மலைப்பாதையில் செண்பகனூரை நோக்கி ஏறி வருவோர் வெள்ளி அருவியின் முன் வண்டியை நிறுத்தாமல் செல்வது அரிது. அங்கே விழும் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்போர் சிலரே. மேலே கொடைக்கானல் ஏரி நிரம்பி வழிந்து வருவதே அந்நீர். அவ்வேரி இயற்கையாய் அமைந்ததன்று. 1863ஆம் ஆண்டில், மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்ச் என்பார் கரை எழுப்பி உண்டாக்கியது. அதன் பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர்.

கரையை மனிதன் கட்டினான்; நீரைத் தருவது எது? இதனையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

பழனிமலையின் உயர்ந்த பகுதிகளில் பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்திருந்தன. மழைநீரைப் புல்லின் வேரும் மக்கிய இலைமண்ணும் உறிஞ்சி வைத்து, மழையற்ற மாதங்களிலும் சிறுகச் சிறுகக் கசியவிடும். ஏரி வற்றாதிருப்பது இக்கசிவினாலேயாம். இக்காடுகளில் சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்பை அரசு 2013இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தது.

ஆயினும் அதற்குள் பெருங்கேடு நிகழ்ந்துவிட்டது. புல்வெளியைப் 'பாழ்நிலம்' என்று கருதி, அதன்மேல் தைலமரத்தையும் பைனையும் சீகையையும் நட்டுவிட்டார்கள். சீகை எதற்காக? அதன் பட்டை தோல் பதனிடுவதற்கு உதவும் என்பதற்காக! உயிர்க்கொலையின் நிழல் ஒரு மரக்கன்று வரையிலும் நீள்வதை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வொன்று, பழனிமலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு அழிந்ததெனக் கூறுகிறது. மரம் நடுதல் எங்கும் அறமே என்று நம்பியிருந்த நமக்கு இச்செய்தி வியப்பளித்தது.

அடர்ந்த சீகையின்கீழ்ப் புல் வளராது. புல்லை இழந்த காட்டுமாடு (பழந்தமிழர் 'ஆமா' என்றது இதனையே) ஊருக்குள் வருகிறது. செண்பகனூர்ச் சாலையிலும் அதனைக் காணலாம். அருகிற் சென்று படமெடுக்க முயல்வோர் தாக்கப்படுகின்றனர். பழியோ விலங்கின்மேல் விழுகிறது. இங்குள்ள திரு இருதயக் கல்லூரியின் இயற்கை அருங்காட்சியகத்தில் பாடம் செய்த விலங்குகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறோமன்றோ? உயிருள்ளவற்றையும் அவ்வாறே விலகி நின்று பார்த்தால் என்ன?

அப்படியாயின் அயல் மரங்களை எல்லாம் வெட்டிவிடலாமா? இங்கே ஒரு நுட்பம் உண்டு. சோலைக்கு அருகிலுள்ள முதிர்ந்த சீகைத் தோப்புகளில், அந்நிழலிலேயே சோலை மரங்களின் நாற்றுகள் தாமாக முளைத்து வளர்கின்றன. ஒரேயடியாக வெட்டினால் அவையும் வெயிலில் கருகும். வெட்டிய இடத்திலோ, மண்ணுள் கிடக்கும் சீகை விதைகள் முன்னிலும் அடர்த்தியாய் எழும். ஆதலின் புல்வெளி இன்னும் எஞ்சியுள்ள விளிம்புகளில் இளஞ்சீகையைப் பிடுங்குவதும், சோலை நாற்று எழுந்த தோப்புகளைத் தொடாது விடுவதுமே தக்கதெனக் கருதுகிறோம்.