கடல்கட்டிக்குக் கூலி கொடுத்த சர்க்கார்

தருவைகுளம்

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மக்கள் அபாயத்தை எவ்வாறு உணர்கிறார்கள் என்பதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் கடைசிப் பத்தியில், போகிற போக்கில் கேட்பதுபோல் நீ கேட்டுவைத்த ஒரு கேள்விதான் இந்த நீண்ட பதிலுக்குக் காரணம். "பருவலையை ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கி வருகிற என் அப்பா, கச்சான் காற்றுக்கு அஞ்சாதவர், குப்பைக் கிடங்குப் புகைக்கும் செம்பு ஆலைக்கும் அவ்வளவு பயந்தாரே, அது அறியாமைதானே ஐயா?" என்று கேட்டிருக்கிறாய்.

அறியாமை என்கிற இந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்களும், மேடையில் படம் போட்டுக் காட்டுகிற இளம் பொறியாளர்களும், சாலை விபத்தில் மாண்டவர் இத்தனை பேர், ஆலைப் புகையால் மாண்டவர் இத்தனை பேர் என்று இரண்டு எண்களை அருகருகே நிறுத்திவிட்டு, சனங்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று தீர்ப்புச் சொல்லி அமர்ந்துவிடுகிறார்கள். இரண்டாவது எண்ணை யார், எப்போது, எந்த ஊரில் எண்ணினார்கள் என்று எழுந்து கேட்டால் மட்டும் தேநீர் இடைவேளை வந்துவிடுகிறது. அந்தப் பல்லவியை நீயும் பாடக் கண்டபோது எனக்குச் சற்றுக் கோபம் வந்தது உண்மை.

அபாய உணர்வை ஆராய்ந்த பால் ஸ்லோவிக்கின் கட்டுரைகளை நீ படித்தாயிற்று. ஆகையால் அபாயங்களை அவர் நிறுத்திக் காட்டும் இரண்டு அச்சுகளை உனக்கு நான் மறுபடி வரைந்து காட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த மனிதர் எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்ந்தார் என்பதை உங்கள் பாடத்திட்டம் சொல்லாது. அவர் தொடக்கத்தில் ஆராய்ந்தது ஆலைகளையும் நச்சுப் பொருள்களையும் அல்ல, சூதாட்டத்தை; சாரா லிக்டன்ஸ்டைன் அம்மையாரோடு சேர்ந்து லாஸ் வேகாஸ் நகரத்துச் சூதாட்ட விடுதி ஒன்றிலேயே பரிசோதனை நடத்தி, 1973-இல் அதை வெளியிட்டார். கில்பர்ட் வைட் என்ற புவியியல் அறிஞர், வெள்ளம் வரும் என்று தெரிந்தே ஆற்றங்கரையில் வீடு கட்டுகிறவர்களைப் பற்றி விசாரித்து இவரை அபாய ஆராய்ச்சியின் பக்கம் இழுத்தார். அணுசக்தித் துறையில் ஊறிய பொறியாளரான சான்சி ஸ்டார், தாமாக விரும்பி ஏற்கிற அபாயத்தை, தம்மேல் சுமத்தப்படுகிற அபாயத்தைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வரையில் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று 1969-இல் எழுதியிருந்தார். உன் அப்பாவின் விஷயத்தில் பாதி பதில் அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது.

மற்றப் பாதிதான் எனக்கு முக்கியம். ஸ்லோவிக்கும் அவருடைய தோழர்களும் 30 காரியங்களைக் கொடுத்து, ஆபத்தின் வரிசையில் அடுக்கச் சொன்னபோது, சாதாரணப் பெண்மணிகளும் கல்லூரி மாணவர்களும் அணு மின்சாரத்தை முதலாவதாக வைத்தார்கள். நிபுணர்கள் இருபதாவதாக வைத்தார்கள். இத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தாம் அறியாமை என்று பேசுகிறவர்கள். அதே பாமரர்களிடம், ஒரு சாதாரண ஆண்டில் இவை ஒவ்வொன்றாலும் எத்தனை பேர் இறப்பார்கள் என்று தனியாகக் கேட்டபோது, அணு மின்சாரத்துக்கு அவர்கள் கொடுத்த எண் எல்லாவற்றிலும் குறைவாக இருந்தது. கவனித்தாயா? சாவு குறைவு என்று நன்றாகத் தெரிந்திருந்தும் ஆபத்து அதிகம் என்று சொன்னார்கள். நிபுணர் பிணங்களை மட்டும் எண்ணினார். இவர்களோ, என்னைக் கேட்டுத்தான் இது வந்ததா, எனக்குப் பிறகு என் பேரனையும் இது பிடிக்குமா, பொல்லாத வேளையில் இதை நிறுத்துகிற கை யாருடையது என்பதையும் சேர்த்து நிறுத்தார்கள். நிபுணர்களும் பிரம்மஞானிகள் அல்லர். 1992-இல் நஞ்சியல் அறிஞர்களையே கேட்டுப் பார்த்தபோது, தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இரசாயனங்கள் சாதுவாகவும், பல்கலைக்கழகங்களில் இருந்தவர்களுக்கு அவ்வளவு சாதுவல்லாமலும் தோன்றின. படித்த படிப்பு ஒன்றே. சம்பளம் வந்த இடம் வேறு.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நம்முடைய முத்துக்குளித்துறையின் கடல்கட்டிதான் நினைவுக்கு வருகிறார். முத்துப்பாரில் குளிப்பவர்கள் இறங்குவதற்கு முன், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர் அவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, முத்தில் பத்திலொரு பங்கு அரசனுக்கும், இருபதிலொரு பங்கு இந்த மந்திரக்காரர்களுக்கும் போனதாகச் சொல்கிறார். பகலில் போட்ட கட்டை அவர்கள் இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். ஆறு நூற்றாண்டுகள் கழித்து, எமர்சன் டென்னன்ட் 1859-இல் வெளியிட்ட இலங்கை நூலில் அதே மனிதரை அரிப்பு என்ற ஊரின் கடலோரத்தில் மறுபடி காண்கிறோம். பரம்பரையாக வந்த அந்தக் கடல்கட்டி டென்னன்ட் காலத்தில் ஒரு கத்தோலிக்கர். அதைப் பற்றிக் குளிப்பவர்கள் கவலைப்படவில்லை. அவருக்கு உடல்நலமில்லாதபோது ஒரு பிரதிநிதி வந்து, தமக்கு மந்திரம் தெரியாது, ஆனால் தலைவரின் சார்பாக வந்திருக்கிறேன் என்பதையே சுறாக்கள் மதிக்கும் என்று டென்னன்ட் துரையிடம் சொன்னாராம்! அதே நூல், ஆங்கிலேயர் ஆட்சி தொடங்கியதிலிருந்து அங்கே சுறாவால் நேர்ந்ததாக உறுதிப்பட்ட விபத்து ஒன்றுக்கு மேல் இல்லை என்றும் சொல்கிறது.

இப்போது நம் பொறியாளரை அந்தக் கரையில் நிறுத்திப் பார். விபத்து ஒன்றே ஒன்று, பயமோ எல்லோருக்கும். அவர் என்ன செய்திருப்பார்? ஒரு விளம்பரம் அச்சடித்து ஒட்டிவிட்டு, கடல்கட்டியை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். மறுநாள் ஒரு தோணியும் பாருக்குப் போயிருக்காது. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே அவருக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தார்கள். நான் கொண்டிருக்கிற அபிப்பிராயம் இதற்கும் ஒரு படி மேலே போகிறது. என் நண்பர்கள் இதைக் கிழவனின் பிடிவாதம் என்பார்கள். கடல்கட்டி மந்திரவாதி என்பதைவிட ஓர் அதிகாரி என்பதே பொருந்தும். குளிப்பவர்களுக்கு நம்பிக்கையானவர், அவர் சொல்லாமல் ஒருவரும் நீரில் கால் வைப்பதில்லை, நடக்கிற தொழிலில் அவருக்கும் பங்கு உண்டு, அவர் நிற்பது எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில். இரவில் கட்டு அவிழ்ந்துவிடும் என்ற ஏற்பாட்டினால் திருட்டுக் குளிப்பும் நின்றது, ஆட்களுக்கு ஓய்வும் கிடைத்தது. இத்தனை வேலையையும் ஒரே ஆளைக்கொண்டு முடித்த நிர்வாகத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1961-இல் கடைசி முத்துக்குளிப்பு நடந்ததோடு இந்த வழக்கத்தைப் பேசுவதற்கும் ஆள் குறைந்துபோயிற்று.

செம்பு ஆலைக்குக் கடல்கட்டியாக இருந்தது யார்? மராட்டியத்து இரத்தினகிரியில் மக்கள் வேண்டாம் என்ற ஆலை இங்கே தூத்துக்குடிக்கு வந்தது. 1994-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தடையில்லாச் சான்று கொடுத்தபோது, மன்னார் வளைகுடாவிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஆலையோ வான் தீவு, காசுவார் முதலிய தீவுகளுக்கு அதைவிடக் கிட்டத்தில் எழுந்தது. 2013 மார்ச் 23 காலையில் தூத்துக்குடியில் கண் எரிந்து தொண்டை கமறியது. பத்து நாள் கழித்து, ஏப்ரல் 2-ஆம் தேதி, ஆலை மாசுபடுத்தியதையும் இடையிடையே அநுமதி புதுப்பிக்காமலே ஓடியதையும் சுட்டி உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. ஆனால் ஆலையை மூடச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. வாரியம் மூடியதும் பசுமைத் தீர்ப்பாயம் திறந்ததுமாகச் சில மாதங்களுக்குள் ஆலை மீண்டும் ஓடியது. நம்பிக்கை சேர்வதற்கு ஆண்டுகள் வேண்டும், போவதற்கு ஒரு நாள் போதும் என்று ஸ்லோவிக் 1993-இல் எழுதியதற்கு இதைவிட விளக்கவுரை வேண்டுமா? 2018 மே மாதத்தில் ஆலையை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டதையும், 28-ஆம் தேதி அரசு ஆலையை மூடியதையும், 2024 பிப்ரவரி 29-இல் உச்ச நீதிமன்றம் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளியதையும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அளவுமானியில் எல்லாம் வரம்புக்குள் இருந்ததே என்பாய். அந்த வரம்பைச் சற்று உற்றுப் பார். இந்தியத் தரநிலையில் கந்தக டை ஆக்சைடுக்கு 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். அதைவிடக் குறுகிய நேரத்துக்கு அளவே கிடையாது. உலகச் சுகாதார நிறுவனம் பத்து நிமிடத்துக்கு 500 என்று தனியாக வைத்திருக்கிறது. ஒரு காலையில் பத்து நிமிடம் 2000 அளவுக்கு வாயு வீசியது என்று வைத்துக்கொள். மூச்சிரைப்புக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆனால் பத்து நிமிடம் 1440 நிமிடங்களில் கரையும்போது, அன்றைய சராசரியில் அது சேர்ப்பது 14 மைக்ரோகிராம்தான். ஏட்டில் ஒன்றும் நடக்கவில்லை. தொண்டை பத்து நிமிடத்தை அளந்தது, ஏடு ஒரு நாளை அளந்தது. இவற்றுள் எது அறியாமை என்பதை நீயே சொல்.

ஆனால் சனங்கள் சொல்வதெல்லாம் சரி என்று நான் எழுதியதாக உன் முன்னுரையில் போட்டுவிடாதே. மெதுவாக வருவதை இந்தக் கரையும் கவனிப்பதில்லை. வீட்டுக்கும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி, விலாங்குச்சல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. அதற்காக ஒரு கடையும் அடைக்கப்படவில்லை. உப்பளத்து வெண்மையில் கூசிக் கூசிக் கண் மங்கிய பெண்களுக்காக எந்தக் கூட்டமும் கூடவில்லை. இராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலை நீ இன்னும் படிக்கவில்லை என்றால் முதலில் அதைப் படி. உங்கள் துறையின் கேள்வித்தாள்கள் பத்துக்கு அது சமம். சங்கு குளிக்கிறவர்கள் காற்றடிக்கும் கம்பிரசர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கி, மேலே வந்தபின் கை கால் இழுத்துக்கொண்டு கிடப்பதும் விருப்பத்தோடு ஏற்ற அபாயம்தான். கடனை அடைப்பதற்காக இறங்குகிறவனின் விருப்பம் எத்தகையது என்பதை ஸ்டாரின் ஆயிரம் மடங்குக் கணக்கு கேட்பதில்லை. உன் ஆராய்ச்சிக்கு அங்கே இடம் இருக்கிறது.

இனிக் காரியத்துக்கு வருவோம். சாவு எத்தனை என்பதையும் ஆபத்து எவ்வளவு என்பதையும் இரண்டு தனிக் கேள்விகளாகக் கேள். ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கேட்காமல் நடுவே வேறு பேச்சைப் போடு. கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதைப் படகில் யார் முடிவு செய்கிறார், காற்று மாறினால் திரும்பச் சொல்வது யார் என்று விசாரித்துவிட்டு, பிறகு குப்பைக் கிடங்கு எரியும்போது அதே கேள்வியைப் போடு. கேட்பதற்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம் நல்லது. அன்றைக்குத் தொழில் இல்லை, பேச ஆள் இருக்கும். படகு கரை பிடித்து மீன் ஏலம் போகிற நேரத்தில் தாளை நீட்டிக்கொண்டு நின்றாயானால் உன் அப்பாவே உன்னை விரட்டுவார். ஆபத்தை 1 முதல் 7 வரை குறிக்கச் சொல்லும் கேள்வி இருந்தால் அதை இப்போதே அடித்துவிட்டு, வினாத்தாளின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பு. பதில் எழுதுகிறவர் படகின் தலைவரா, கூலிக்கு வருகிறவரா, கரையில் காத்திருக்கிற பெண்ணா என்பதைக் குறிப்பதற்கு அதில் ஒரு கட்டம் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் ஆசிரியன்