கைத்தடி கற்பிக்கும் பொறியியல்

நெல்லித்தோப்பு மார்க்கெட் பக்கம் பார்வையற்ற மாணவர் ஒருவர் வெள்ளைத் தடியைத் தட்டிக்கொண்டு நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளமும் படிக்கட்டும் தடிக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஓரமாக நிற்கும் லாரியின் பின்பலகை? தடி அதன் அடியில் புகுந்து போகும். மார்புதான் முதலில் மோதும்!

இதற்கு என்ன செய்யலாம்? உடனே கருவியைத் தேடாதீர்கள். யார், எங்கே, எதனால் இடர்ப்படுகிறார் என்று அவரிடமே கேட்டறிவதுதான் பொறியியலில் முதல் வேலை. டெல்லி ஐ.ஐ.டி.யில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய 'ஸ்மார்ட்கேன்' பார்வையற்றோர் பலரிடம் கொடுத்துச் சோதித்தபின் 2014-ல் வெளிவந்தது. தயாரித்தது சென்னையிலுள்ள ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். தடியின் கைப்பிடியில் பொருந்தும் இக்கருவி, காதுக்குக் கேளாத மீயொலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. வௌவாலின் உபாயம்தான்!

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். லாரி 1.7 மீட்டர் தூரத்தில் இருந்தால், போக வர 3.4 மீட்டர். ஆகும் நேரம் 3.4 ÷ 340 = 0.01 நொடி. லாரி 3 மீட்டரில் இருந்தால்? நீங்களே கணக்கிடுங்கள்.

சரி, தடை இருப்பதை எப்படித் தெரிவிப்பது? மணி அடித்தால் போதுமே என்று நமக்குத் தோன்றும். பார்வையற்றவருக்கோ பஸ் வருவதைச் சொல்வதே காதுதான்; அதை மணியோசையால் அடைத்துவிடலாமா? ஆகவே கைப்பிடி அதிர்கிறது. தூரத்துக்கேற்ப அதிர்வின் விதமும் மாறுகிறது.

பாரிஸ் பள்ளி மாணவர் லூயி பிரெய்ல் 1824-ல், தம் 15-ஆம் வயதில், செய்ததும் இத்தகைய வேலைதான். பார்பியே என்ற முன்னாள் படை அதிகாரி 12 புள்ளிகளில் ஓர் எழுத்துமுறை வகுத்திருந்தார். அவர் கண் தெரிந்தவர். 12 புள்ளிகள் ஒரு விரல்நுனிக்குள் அடங்கா என்பது பிரெய்லின் விரலுக்குத்தான் தெரிந்தது! அவற்றை 6 ஆகக் குறைத்தார். அந்த ஆறில் 63 குறிகள் பிறக்கின்றன. தமிழ் எழுத்துகளுக்கும் அவை போதுமானவை.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. பார்வையற்ற தோழர் தாம் எண்ணிய கருவியை வரைந்து காட்ட வேண்டும். ரப்பர் விரிப்பின்மேல் காகிதத்தை வைத்து, தையற்காரரின் பல்சக்கரத்தை உருட்டினால் புள்ளிக் கோடுகள் மேடாக எழும். ஆனால் காகிதத்தின் மறுபுறத்தில்! திருப்பித் தொட்டால் படம் இடம் வலமாக மாறியிருக்கும். வரையும்போதே, வரையும் பக்கத்திலேயே கோடு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். கம்பளி நூலும் பசையும் உதவுமா? செய்து, அவரிடமே தொட்டுப் பார்க்கக் கொடுங்கள். சரியில்லை என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு மறுபடி செய்யுங்கள்.