நெறி கட்டுவதிலிருந்து நிணநீருக்கு

பத்தாம் வகுப்பில் சுற்றோட்டம் பற்றிய பாடத்தை நடத்தும்போது இதயமும் ரத்தமுமே பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. நிணநீருக்கு எஞ்சுவது ஒரு பாடவேளைகூட இல்லை. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு உரிய வரையறையாக அது சுருங்கிவிடுகிறது. சில ஆண்டுகளாக நான் இதற்கு இரண்டு பாடவேளைகள் ஒதுக்கி வருகிறேன். அப்படி ஒதுக்குவதற்கான காரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது.

"காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் வேறு எங்கே வலிக்கும்?" என்று கேட்டுப் பாடத்தைத் தொடங்குவேன். "தொடையிடுக்குல நெறி கட்டும் டீச்சர்" என்று பலரும் சொல்லிவிடுவார்கள். கையில் புண் என்றால் அக்குளில் நெறி கட்டும். பல்வலி, தொண்டைவலி என்றால் தாடைக்கு அடியில் கட்டும். இதைத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே கற்றிருக்கிறார்கள். புண் ஓரிடம், வீக்கம் வேறிடம் என்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பாதைதான் நிணநீர் நாளம், நெறி கட்டுவது நிணநீர் முடிச்சு. இவ்வளவும் புரிந்த பிறகுதான் கலைச்சொல்லைக் கரும்பலகையில் எழுதுகிறேன்.

அடுத்து அளவு. நம் உடலில் உள்ள ரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். ரத்த நுண்நாளங்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரில் சிரைகளுக்குத் திரும்பாமல் தங்குவதை நிணநீர் நாளங்கள் வாங்கிக்கொள்கின்றன. அது நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் வரை இருக்கும். இதைத் தள்ளிவிட இதயம் போன்ற ஒரு தனி உறுப்பு கிடையாது. நாளச் சுவர் தானே சுருங்குவதும், நாம் நடக்கும்போது தசைகள் அழுத்துவதும், மூச்சு இழுத்து விடுவதும்தான் அதை நகர்த்துகின்றன. நாளங்களுக்குள் வால்வுகள் இருப்பதால் ஓட்டம் ஒரே திசையில்தான். கடைசியில் எல்லாம் கழுத்தின் அடியில், காரை எலும்புக்குப் பின்னால் உள்ள சிரைகளில் போய்ச் சேர்கிறது.

இங்கே ஒரு செயல்பாடு. பன்னிரண்டு மாணவர்களை வராந்தாவில் நெருக்கமாக வரிசையாக நிற்கவைத்து, "கடைசி ஆளை மட்டும் முன்னே தள்ளுங்கள்" என்பேன். யாரும் நகர முடியாது. "சரி, முதல் ஆள் இரண்டடி முன்னே போகட்டும்" என்றால் வரிசை ஒவ்வொருவராக இளகும். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் படிக்கட்டில் தொங்குபவரைத் திட்டுவதை விட்டுவிட்டு "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று முன்னால் நிற்பவர்களிடம் கத்துவது இதனால்தான் என்று ஒரு மாணவன் சொன்னான். அதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் நிணநீர் வடிகால் மசாஜை அறிமுகப்படுத்துகிறேன். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வாடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் 1930களில் பிரான்சின் கான் நகரில் பணியாற்றியபோது இந்த முறையை உருவாக்கினார்கள். தீராத சளியோடு வந்தவர்களின் கழுத்து முடிச்சுகள் வீங்கியிருப்பதைக் கவனித்ததே தொடக்கம். 1936இல் பாரிசில் அதை வெளியுலகுக்குக் காட்டினார்கள். கால் வீங்கியிருந்தாலும் பயிற்சி பெற்றவர் பாதத்தில் கை வைத்துத் தொடங்குவதில்லை. முதலில் கழுத்தடி, பிறகு தொடையிடுக்கு, தொடை, முழங்கால், கடைசியில்தான் பாதம். ஒவ்வொரு அசைவும் மேல்நோக்கியே இருக்கும். காரணத்தை நான் சொல்வதில்லை. வராந்தா வரிசையைப் பார்த்த மாணவர்கள் தாங்களே சொல்கிறார்கள்.

எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதையும் உணரவைக்கலாம். ஒவ்வொருவரும் தம் முன்கையில் மறு உள்ளங்கையை வைத்து, கை வழுக்காமல் தோலை மட்டும் மெல்ல நகர்த்திவிட்டு விடவேண்டும். எல்லாரும் முதலில் தசையைப் பிசைகிறார்கள், நமக்குத் தெரிந்த மசாஜ் அதுதானே. நிணநீர் நுண்குழல்கள் தோலுக்குச் சற்றே அடியில் இருக்கின்றன. அழுத்திப் பிசைந்தால் அவை நசுங்கும், ரத்த ஓட்டமும் கூடி நீர் மேலும் கசியும். அவரவர் கையில் மட்டுமே செய்ய வேண்டும், அடுத்தவரைத் தொடக்கூடாது என்பது என் வகுப்பு விதி. வளரிளம் பருவத்தினரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுவது நல்லது.

கும்பகோணம் வட்டாரம் யானைக்கால் நோய்க்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் உச்சரீரியா புழு நிணநீர் நாளங்களில்தான் குடியிருக்கிறது. நாளம் தளர்ந்து, வால்வுகள் கெட்டு, நீர் தேங்குகிறது. மருந்து ரத்தத்தில் உள்ள நுண்புழுக்களைக் கொல்லும், நோய் பரவாமல் தடுக்கும். ஆனால் பல ஆண்டுகளாக வீங்கிய காலை அது பழைய நிலைக்குக் கொண்டுவராது. இதைச் சொல்லி முடித்த ஒரு நாள், வகுப்பு கலைந்த பிறகு ஒரு மாணவி தயங்கி நின்றாள்.

"எங்க அப்பாயிக்கு அந்தக் காலுதான் டீச்சர். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் போட்டு நல்லா அழுத்தி உருவி விடுவேன். காச்சல் வந்தா ரெண்டு வேளை உருவுவேன். சரியா டீச்சர்?"

வீட்டில் அந்தப் பாட்டியைக் கவனிக்கும் ஒரே ஆள் அவள்தான். அவளுக்குத் தேவைப்பட்டது வரையறை இல்லை. யானைக்காலில் குளிரோடு காய்ச்சல் வந்து, கால் சிவந்து, சூடாகி, நெறி கட்டினால் அது பாக்டீரியாத் தொற்று. அந்த நேரத்தில் நீவவே கூடாது. காலை உயர்த்தி வைத்து, ஈரத்துணி போட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். பாக்டீரியா நுழையும் வாசல் பெரும்பாலும் விரலிடுக்கில் உள்ள சேற்றுப்புண்தான். ஆகவே தினமும் சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் ஒற்றியெடுப்பது எந்த மசாஜையும்விட முக்கியம். உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பதும், கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும், செருப்பு அணிவதும் இதோடு சேர்ந்தவை. நான் அவளிடம் இதைச் சொல்லி, சுகாதார நிலையத்துக்குப் பாட்டியை அழைத்துப் போகச் சொன்னேன். அங்கே செவிலியர் கழுவும் முறையைச் செய்து காட்டியிருக்கிறார். வீக்கம் வற்றிவிடவில்லை. காய்ச்சல் முன்போல் அடிக்கடி வருவதில்லை என்று அவள் சொன்னாள்.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் முடிச்சுகளை அகற்றியவர்களுக்கும் கை வீங்குவதுண்டு. நம் ஆசிரியைகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு மசாஜ் தனியாகக் கொடுக்கப்படுவதில்லை. அடுக்கடுக்கான கட்டு அல்லது அழுத்த உறை, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவற்றோடு சேர்த்தே கொடுக்கப்படுகிறது. இதில் வீக்கத்தைக் குறைத்து வைத்திருக்கும் முக்கிய வேலையைச் செய்வது கட்டும் உறையும்தான். நீவுதல் துணைக்கு வருவது. எல்லா வீக்கமும் நிணநீர் வீக்கமும் அல்ல. இரண்டு காலும் ஒருசேர வீங்கினால் இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். ஒரு கால் திடீரென வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அங்கே நீவினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு. மருத்துவர் பார்க்காமல் கை வைக்கக் கூடாது என்பதை இரண்டு முறை சொல்கிறேன்.

மாணவிகள் அலைபேசியில் பார்த்த வேறொன்றையும் கேட்பார்கள்: முகம் மெலியும், எடை குறையும், உடம்பின் நச்சு வெளியேறும் என்கிறார்களே? கரும்பலகைப் படத்தை வைத்து அவர்களையே யோசிக்கச் சொல்வேன். நீவிய நீர் எங்கே போகிறது? சிரைக்கு. அங்கிருந்து? சிறுநீரகத்துக்கு. கொழுப்பு நகர்ந்ததா? இல்லை. நச்சை நீக்குவது ஏற்கெனவே யார் வேலை? கல்லீரலும் சிறுநீரகமும். முகத்தின் லேசான உப்பல் சற்று நேரம் வடியலாம், அவ்வளவுதான். விளம்பரத்தை நான் மறுப்பதைவிட, அவர்களே படத்தில் விரல் வைத்து மறுப்பது மனத்தில் தங்குகிறது.

மதிப்பீட்டுக்கு ஒரே ஒரு வினா வைக்கிறேன். வலது கையின் நிணநீர் வலது நிணநீர் நாளம் வழியாகவும், இடது கை மற்றும் இரு கால்களின் நிணநீர் மார்பு நிணநீர் நாளம் வழியாகவும் சிரையை அடைகின்றன. ஒருவருக்கு வலது அக்குள் முடிச்சுகள் அகற்றப்பட்டுவிட்டன. வலது கையில் தேங்கிய நீரை எந்தப் பக்கமாக நகர்த்துவீர்கள்? படம் வரைந்து அம்புக்குறியிடுக. மார்பின் குறுக்கே இடது அக்குளுக்கு அம்பு போடுபவர்களும், விலாப் பக்கமாக வலது தொடையிடுக்குக்குப் போடுபவர்களும் இருப்பார்கள். சிகிச்சையாளர்கள் இரண்டு வழிகளையும் பயன்படுத்துகிறார்கள் என்பதால், இரண்டுக்கும் முழு மதிப்பெண் தருகிறேன்.